புது ஸ்ட்ரீட் ரேசிங் கேம்: ரசிகர்கள் கேட்பது என்ன, நம்ம பர்ஸ் கேட்பது என்ன?



எஸ்ஐபி, பிஎஃப், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு கார் ரேஸ் கேம் பத்திப் பேசப்போறோம். "அட்மினுக்கு என்ன ஆச்சு?"னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு.

நம்ம வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, எனக்கு 24 வயசு. கைக்கு வர்ற சம்பளம் 31,000. அடுத்த நீட் ஃபார் ஸ்பீட் கேம் வந்தா முதல் நாளே ஆடணும். இப்பவே ஒரு கேமிங் லேப்டாப் இஎம்ஐ-ல எடுத்து வெச்சுடலாமா?"

இதைப் படிச்சு எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா இதையே நானும் பண்ணியிருக்கேன். முதல் வேலை, 23 வயசு. 72,000 ரூபாய் லேப்டாப், 12 மாசம், மாசம் 6,000. அஞ்சாவது மாசம் கம்பெனியில சம்பளம் 40 நாள் லேட். இஎம்ஐ பவுன்ஸ் ஆச்சு. பேங்க் ஒரு அபராதம், கடன் கொடுத்தவங்க ஒரு அபராதம். கடைசியில அக்காகிட்ட வாங்கிக் கட்டினேன். அக்கா ஒரு வார்த்தை கேட்கல. அதுதான் ரொம்ப உறுத்துச்சு.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த லேப்டாப்ல நான் முழுசா ஆடி முடிச்சது ஒரே ஒரு கேம். 2005-ல வந்த பழைய மோஸ்ட் வாண்டட். அதை வீட்டுல கிடந்த பழைய கம்ப்யூட்டர்லயே ஆடியிருக்கலாம்.

அதனால இந்தப் பதிவுல "கேம் எல்லாம் வேஸ்ட்"னு அட்வைஸ் பண்ணப் போறதில்ல. ரசிகர்கள் புது ரேசிங் கேம்ல உண்மையிலேயே என்ன கேக்குறாங்க, அதுல எதுக்குக் காசு கொடுக்கலாம், எதுக்குக் கொடுக்கக் கூடாதுனு ஒண்ணொண்ணா பார்ப்போம். கேம் ஆடாதவங்களும் படிங்க. போன், பைக், கச்சேரி டிக்கெட் எதுக்கு வேணும்னாலும் இதே கணக்குதான்.

முதல்ல கொஞ்சம் கதை

நீட் ஃபார் ஸ்பீட் 1994-ல ஆரம்பிச்ச வரிசை. ஆனா நம்ம வயசுக்காரங்க மனசுல நிக்கிறது மூணு கேம்: 2003 அண்டர்கிரவுண்ட், 2004 அண்டர்கிரவுண்ட் 2, 2005 மோஸ்ட் வாண்டட். பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுனு காசு கொடுத்து ஆடினவங்களுக்கும், பிரெண்ட் கொடுத்த சிடியை ராத்திரியோட ராத்திரியா இன்ஸ்டால் பண்ணவங்களுக்கும் இது புரியும்.

அப்புறம் நிறைய வந்துச்சு. 2012-ல அதே மோஸ்ட் வாண்டட் பேர்ல வேற ஒரு கேம், 2015-ல வெறும் நீட் ஃபார் ஸ்பீட்ங்கிற பேர்ல ஒண்ணு, 2017 பேபேக், 2019 ஹீட், 2022 டிசம்பர்ல அன்பவுண்ட். 2023-ல எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி, அன்பவுண்டை உருவாக்கிய க்ரைட்டீரியன் ஸ்டூடியோவுல பெரும்பாலானவங்களை பேட்டில்ஃபீல்டு கேம் வேலைக்கு மாத்திடுச்சு. அதனால ரசிகர்களோட ஆசைப் பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. அந்தப் பட்டியல்ல அடிக்கடி வர்ற அஞ்சு விஷயத்தை எடுத்துக்குவோம்.

ஆசை 1: "என் வண்டி என் வண்டி மாதிரி இருக்கணும்"

அண்டர்கிரவுண்ட் ஹிட் ஆனதுக்கு ரேஸ் மட்டும் காரணம் இல்ல. பம்பர், ஸ்பாய்லர், நியான் லைட், வினைல் ஸ்டிக்கர்னு ஒரு சாதாரண காரை நம்ம இஷ்டத்துக்கு மாத்தலாம். அண்டர்கிரவுண்ட் 2-ல அந்தக் கடைகளையே ஊரைச் சுத்திக் கண்டுபிடிக்கணும். 2012 மோஸ்ட் வாண்டட்ல பாடி கிட், ஸ்பாய்லர் மாத்துற வசதியே இல்ல. தெருவுல நிக்கிற காரைப் போய் எடுத்துக்கிட்டு ஓட்ட வேண்டியதுதான். வேகம் நல்லா இருந்துச்சு, ஆனா பழைய ரசிகர்களுக்கு மனசு ஒட்டல.

பர்ஸ் பாடம்: நாம உழைச்சுச் சேத்து மாத்தின பொருள் மேலதான் நமக்குப் பாசம் வருது. கேம் கம்பெனிகளுக்கும் இது நல்லாத் தெரியும். அதனாலதான் டீலக்ஸ் எடிஷன்ல "ஸ்பெஷல் கார் பேக்" கொடுக்குறாங்க. யோசிச்சுப் பாருங்க, உழைக்காம முதல் நாளே கேரேஜ்ல வந்து நிக்கிற கார் மேல அந்தப் பாசம் வருமா? ஆட்டத்துல கிடைக்க வேண்டிய சந்தோஷத்தைத் தவிர்க்கவே எக்ஸ்ட்ரா காசு கொடுக்குறோம். சாதா எடிஷன் போதும்.

ஆசை 2: "போலீஸ் துரத்தல் பழைய மாதிரி வேணும்"

2005 மோஸ்ட் வாண்டட் ஆரம்பத்துலயே ரேசர்ங்கிற வில்லன் சதி பண்ணி நம்ம பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆரைப் பிடுங்கிடுவான். 15 பேர் இருக்குற பிளாக்லிஸ்ட்ல ஒவ்வொருத்தரா ஜெயிச்சு மேலே போய் அந்த காரை மீட்கணும். அதுக்கு ரேஸ் மட்டும் ஜெயிச்சா பத்தாது, போலீஸ்கிட்ட மாட்டாம தப்பிச்சு பவுண்டியும் சேர்க்கணும். ரோட்டோரம் இருக்குற பெரிய பொம்மை டோனட்டை இடிச்சுத் தள்ளி, போலீஸ் கார் மேல விழ வெச்சது ஞாபகம் இருக்கா?

ரசிகர்கள் கேக்குறது இதுதான்: மாட்டினா ஏதாவது இழக்கணும். இழப்பு இல்லாத துரத்தல்ல பயம் இல்ல, பயம் இல்லாத இடத்துல மஜா இல்ல.

அன்பவுண்ட்ல இதை ஓரளவு பண்ணியிருந்தாங்க. நிறைய ரேஸுக்கு நுழைவுக் கட்டணம் கட்டணும். ஜெயிச்ச பணம் சேஃப் ஹவுஸ் போய்ச் சேர்ற வரைக்கும் உங்களுது இல்ல. வழியில போலீஸ்ல மாட்டினா அந்த ரவுண்டுல சம்பாதிச்சது போச்சு. பகல்ல ஏத்தி வெச்ச போலீஸ் சூடு ராத்திரியும் தொடரும். வாரக் கடைசி பெரிய ரேஸுக்குக் கட்டணமும் சேர்க்கணும், அதுக்கு ஏத்த காரும் வேணும். ரீஸ்டார்ட்டும் எண்ணி எண்ணித்தான்.

பர்ஸ் பாடம்: இதை விட நல்லா மாச பட்ஜெட்டை யாரும் சொல்லித்தர முடியாது. சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்த உடனே அது சேமிப்பு ஆகிடாது. வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, மெஸ் காசு எல்லாம் போய், மிச்சம் தனி அக்கவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் அது உங்க பணம். சம்பளத் தேதிக்கு மறுநாளே ஆட்டோ டெபிட் போட்டு சேஃப் ஹவுஸுக்கு அனுப்பிடுங்க. கேம்ல இதைச் சரியா பண்றோம், நிஜத்துல மாசக் கடைசி வரைக்கும் பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்துறோம்.

ஆசை 3: "திறமைக்கு வேலை கொடு, குலுக்கலுக்கு வேண்டாம்"

2017 நவம்பர்ல வந்த பேபேக்ல கார் வேகத்தை ஏத்தணும்னா ஸ்பீட் கார்டு வேணும். எந்தக் கார்டு வரும்னு நம்ம கையில இல்ல. வேண்டாத கார்டை டோக்கனா மாத்தி, ஸ்லாட் மெஷின் மாதிரி ஒண்ணைச் சுத்தி வேற கார்டு எடுக்கணும். "ரேஸ் கேம் வாங்கினா சூதாட்ட மெஷின் கொடுக்குறீங்களே"னு ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. வெளியான சில நாள்லயே பரிசுகளை ஏத்திக் கொடுத்து சமாதானம் பண்ண வேண்டியதாச்சு. அடுத்து 2019-ல வந்த ஹீட்டுக்கு லூட் பாக்ஸ் கிடையாதுனு முன்னாடியே சொல்லிட்டுத்தான் விற்றாங்க.

இங்கே ஒரு நல்ல செய்தி இருக்கு. கம்பெனி மனசு மாறினது கோபமான பதிவுகளால மட்டும் இல்ல, வாங்குறவங்க கை இறுகினா அவங்களுக்கும் வலிக்கும்.

பர்ஸ் பாடம்: போன்ல இலவசமா வர்ற ரேசிங் கேம்கள்ல இன்னும் இதே கதைதான். எரிபொருள் தீரும், காத்திருக்கணும், இல்லன்னா காசு கட்டணும். 89 ரூபாய், 159 ரூபாய்னு சின்னச் சின்னதா போகும். இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க யுபிஐ ஆப், ப்ளே ஸ்டோர் ரெண்டுலயும் போன 12 மாசக் கணக்கைத் திறந்து, கேமுக்குப் போன எல்லாத்தையும் கூட்டுங்க. மாசம் 159 ரூபாய் நாலு தடவைன்னா வருஷத்துக்கு 7,632. "இலவச" கேமுக்கு நீங்க கொடுத்த விலை அதுதான்.

ஆசை 4: "நெட் இல்லாமலும் ஆடணும், வாங்கினது என்கிட்டயே இருக்கணும்"

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான ஆசை. கொஞ்சம் கவனமா படிங்க.

2015 நீட் ஃபார் ஸ்பீடை இன்டர்நெட் இல்லாம ஆடவே முடியாது. தனியா ஆடும்போதுகூட பாஸ் பண்ண முடியாது. அதுவே எரிச்சல். அதை விட மோசமா நடந்தது வேற கம்பெனி கேமுக்கு. யுபிசாஃப்ட் 2014-ல வெளியிட்ட தி க்ரூ, அமெரிக்கா முழுக்கக் காரோட்டுற ரேசிங் கேம். 2023 டிசம்பர்ல விற்பனையை நிறுத்தினாங்க. 2024 மார்ச் 31-ல சர்வரையும் அணைச்சுட்டாங்க. முழுக்க ஆன்லைன் கேம்ங்கிறதால, காசு கொடுத்து வாங்கி டிஸ்க்கை அலமாரியில வெச்சிருந்தவங்களாலகூட அதுக்கப்புறம் ஆட முடியல.

இதுலதான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்"ங்கிற வாங்குவோர் இயக்கம் பிறந்துச்சு. பிறகு யுபிசாஃப்ட், தி க்ரூ 2-க்கும் மோட்டார்ஃபெஸ்ட்டுக்கும் ஆஃப்லைன் வசதி தர்றதா அறிவிச்சது. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு. டிஜிட்டலா விற்கும்போது, நீங்க வாங்குறது உரிமம்தான், பொருள் இல்லனு தெளிவாச் சொல்லணும்.

எல்லா நிறுத்தமும் ஒரே மாதிரி இல்ல. ஃபோர்ட்சா ஹொரைசன் 4 கேமை 2024 டிசம்பர் 15-ல கடையிலிருந்து எடுத்தாங்க. காரும் பாட்டும் எல்லாம் லைசென்ஸ்ல வர்றது, அதுக்கு காலக்கெடு உண்டு. ஆனா ஏற்கெனவே வாங்கினவங்க தொடர்ந்து ஆடலாம். அதே மாதிரி 2021 மே 31-ல நீட் ஃபார் ஸ்பீட் வரிசையில கார்பன், அண்டர்கவர், ஷிஃப்ட், ஷிஃப்ட் 2, தி ரன் அஞ்சையும் டிஜிட்டல் கடையிலிருந்து எடுத்தாங்க. ஆன்லைன் சர்வரையும் அதே வருஷம் ஆகஸ்ட் 31-ல மூடினாங்க. தனியா ஆடுற பகுதி வாங்கினவங்களுக்கு மிச்சம்.

பர்ஸ் பாடம்: வாங்குறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி "கிராபிக்ஸ் எப்படி?" இல்ல. "சர்வர் போனா என்கிட்ட என்ன மிஞ்சும்?" ஆஃப்லைன்ல ஆட முடியும்னா அதை ஒரு பொருளா நினைச்சு விலை கொடுங்க. ஆன்லைன் மட்டும்னா சினிமா டிக்கெட் மாதிரி நினைச்சு விலை கொடுங்க. ரெண்டுக்கும் ஒரே விலை கொடுக்காதீங்க.

ஆசை 5: "முழுசா முடிச்சுட்டு வெளியிடு"

பாதி வேகாம வர்ற கேம், முதல் மாசம் முழுக்க பேட்ச், கழிச்சு வர்ற கன்டென்ட். இதுலதான் ரசிகர்கள் சலிச்சுப் போயிருக்காங்க. வேற வழியிலயும் பண்ணலாம்னு காட்டினது ஜப்பானிய கம்பெனி கென்கி. டோக்கியோ எக்ஸ்ட்ரீம் ரேசர்ங்கிற பழைய வரிசையை 2025 ஜனவரியில ஏர்லி ஆக்சஸா கொண்டு வந்தாங்க. "இது இன்னும் முடியல"னு வெளிப்படையா சொல்லி வித்து, அதே வருஷம் செப்டம்பர்ல முழுசா வெளியிட்டாங்க. ஹெட்லைட்டை அடிச்சு எதிராளியைக் கூப்பிடுறது, நெடுஞ்சாலையில மோதுறதுனு பழைய ரசிகர்கள் விரும்பின அடிப்படை மாறல.

பர்ஸ் பாடம்: ப்ரீ-ஆர்டர்னா, பாக்காத பொருளுக்கு முழு விலை. டிஜிட்டல் கேமுக்கு ஸ்டாக் தீராது. அப்புறம் எதுக்கு வரிசையில நிக்கணும்? அன்பவுண்ட்ல பேலஸ் எடிஷன் வாங்கினவங்களுக்கு மூணு நாள் முன்னாடியே ஆட வாய்ப்பு கொடுத்தாங்க. அந்த மூணு நாளுக்கு எவ்வளவு கொடுக்கலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அவசரமா ஆடியே ஆகணும்னா, செலவு குறைஞ்ச வழிகள் இருக்கு:

1. ஸ்டீம்ல வாங்கினா, 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம். மெனுவுல சும்மா நிக்கிற நேரமும் கணக்குல வரும், பாத்துக்குங்க.
2. இஏ ப்ளே சந்தாவுல புது கேம்களுக்கு 10 மணி நேர ட்ரையல் கொடுக்குறது வழக்கம். ஒரு மாசச் சந்தா போட்டு, ஆடிப் பாத்து, மறக்காம கேன்சல் பண்ணுங்க. கேன்சல் தேதிக்கு போன்ல அலாரம் வைங்க.
3. ஒரு வருஷம் காத்திருந்தா விலை நல்லா இறங்கும். பேட்ச் எல்லாம் வந்து கேமும் சரியாகியிருக்கும்.

இப்ப நம்ம தம்பி கணக்கு

லேப்டாப் 72,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 12 மாச நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 6,000. சம்பளம் 31,000-ல இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு.

"வட்டியே இல்லையே அண்ணா?" இருக்கு. பெரும்பாலான கார்டு திட்டங்கள்ல வட்டியை முன்னாடியே தள்ளுபடியா கழிச்சுட்டு, பிறகு இஎம்ஐ-ல வசூலிப்பாங்க. ஆண்டுக்கு 15% வட்டினு வெச்சா:

- கடன் தொகை: சுமார் 66,476
- 12 மாச வட்டி: சுமார் 5,524
- வட்டி மேல 18% ஜிஎஸ்டி: சுமார் 994
- ப்ராசஸிங் ஃபீஸ் 199-னு வெச்சா, ஜிஎஸ்டியோட: சுமார் 235

ஆக "நோ காஸ்ட்"டுக்கு காஸ்ட் 1,229 ரூபாய். மொத்தமா காசு கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடியை இழந்தா அது தனி. இதெல்லாம் பெரிய தொகை இல்லதான். என்னை அடிச்சதும் வட்டி இல்ல. அவசர நிதி இல்லாம 12 மாசத்துக்கு சம்பளத்தை அடகு வெச்சதுதான்.

இப்ப வேற வழி. மாசம் 3,000 ஆர்டி, 24 மாசம். போட்டது 72,000. வட்டி 6.5%-னு வெச்சா வரிக்கு முன்னாடி சுமார் 5,000 கூட வரும். ரெண்டு வருஷம் ரொம்ப நாள்தான், ஒத்துக்குறேன். ஆனா ஒரு பெரிய ரேசிங் கேம் உருவாகவும் வருஷக்கணக்குல ஆகுது. அவங்க கேம் செய்யுற நேரத்துல நீங்க காசு சேருங்க. வழியில சம்பளம் லேட் ஆனா ஆர்டியை உடைச்சுக்கலாம், கொஞ்சம் வட்டிதான் குறையும். இஎம்ஐ-யை அப்படி நிறுத்த முடியாது.

கேம் விலைக்கும் ஒரு சின்ன ஃபார்முலா: விலை ÷ நீங்க உண்மையிலேயே ஆடப்போற மணி நேரம். 4,000 ரூபாய் கேமை 25 மணி நேரம் ஆடினா மணிக்கு 160. பத்து மணி நேரத்துல விட்டுட்டா மணிக்கு 400. ஒரு வருஷம் கழிச்சு 1,200-க்கு வாங்கி 25 மணி நேரம் ஆடினா மணிக்கு 48. பிரெண்ட்ஸ் எல்லாரும் முதல் வாரமே ஆன்லைன்ல சேர்றாங்கன்னா 160 நியாயமான விலைதான். தனியா ஆடுறவருக்குக் காத்திருக்குறதுல நஷ்டம் இல்ல.

தம்பிக்கு என் பதில்

1. முதல்ல மூணு மாசச் செலவுக்கு அவசர நிதி. அது வரைக்கும் இஎம்ஐ வேண்டாம்.
2. அது சேர்ந்ததும் "கேம் ஃபண்டு"னு பேர் வெச்சே தனி ஆர்டி போடுங்க. ஒளிஞ்சு செலவு பண்ண வேண்டாம், ஆசைக்குன்னு பட்ஜெட்ல ஒரு வரி இருக்கட்டும்.
3. புது கேம் அறிவிப்பு வந்தா உங்க அஞ்சு ஆசையையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க: கஸ்டமைசேஷன், போலீஸ், குலுக்கல் இல்லாமை, ஆஃப்லைன், முழுமை. வெளியாகி ரெண்டு வாரம் கழிச்சு, ஆடினவங்க சொல்றதை வெச்சு டிக் பண்ணுங்க. நாலுக்குக் கீழே வந்தா விலை இறங்கட்டும்.
4. அது வரைக்கும் இருக்குற கம்ப்யூட்டர்ல எது ஓடுமோ அதை ஆடுங்க.

என் லேப்டாப் இஎம்ஐ முடிஞ்ச மாசம் அக்காவுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். "கேம் முடிச்சுட்டியாடா?"னு மட்டும் கேட்டா. "இன்னும் பிளாக்லிஸ்ட்ல மூணு பேர் மிச்சம்"னு சொன்னேன். சிரிச்சா. அந்த மூணு பேரை முடிக்க எனக்கு இன்னும் ஒரு மாசம் ஆச்சு, ஆனா நிம்மதியா ஆடினேன்.

உங்க 12 மாச கேம் செலவு எவ்வளவு வந்துச்சுனு கூட்டிப் பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. ஆர்டி, நோ காஸ்ட் இஎம்ஐ கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுனு வீடியோவுல செஞ்சு காட்டுறேன்.